கழுத்து வயர்

பிப்ரவரி 12, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கம்பெனிக்காரர் வருடா வருடம் கொடுத்துவிட்டுப் போகும் டைரி இது. இதுவரை ஒன்றில்கூட எழுதியதில்லை. வண்டியில் பார்க்கிற வேலையை நாள் போட்டுக் குறித்து வைக்கலாம் என்று இன்று எடுத்தேன்.

விபத்தில் சிக்கிய தம்பி வேதமூர்த்தியின் பைக்கை இன்றுதான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். மினி லாரியில் ஏற்றி அகஸ்தியம்பள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்சக்கரம் நெளிந்து கிடக்கிறது. சீட் கிழிந்துவிட்டது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு மாதம் வெட்டவெளியில் நின்றதில் போல்ட் இடுக்கெல்லாம் உப்பு பூத்திருந்தது. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊரில் இரும்பு சும்மா நின்றாலும் அரித்துவிடும்.

தம்பி உள்ளே கட்டிலில் படுத்திருந்தான். லாரி வந்து நின்ற சத்தம் கேட்டிருக்கும். வண்டியா என்று கேட்கவில்லை. அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது.

அவன் மனைவி அரசி வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். “இத எதுக்கு மாமா வீட்டுக்குக் கொண்டாந்தீங்க? இனிமே யாரு ஓட்டப் போறா?” என்றாள். எழுந்து நடக்கும்போது அவனுக்கு வேண்டியிருக்கும் என்றேன்.

செய்தது: நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஹெட்லைட்டைக் கழற்றினேன். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பக்கம் சாவிக்குப் போகிற வயரில் சுற்றியிருந்த பழைய பிளாஸ்திரியை வயரோடு வெட்டி எடுத்து எறிந்தேன். புது வயர் போட வேண்டும்.

பிப்ரவரி 13, திங்கள்

வயர் முனைகளைச் சேர்த்து ஈயம் வைக்கும் இரும்பு வாங்கினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 15, புதன்

கடைக்குக் கிளம்பும்போது அரசி செருப்புகூடப் போடாமல் ரோட்டில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டேன், நிற்காமல் போனாள். பின்னாலேயே போனேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தர்மலிங்கத்தின் பட்டறை. விபத்துக்கு நாலு நாள் முன்னால் தம்பி அங்கேதான் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தான். அரசி பட்டறை வாசலில் குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளினாள்.

“எம் புருசன் காலை எடுத்தீல்ல. உன் கையில இனிமே ஒரு தொழிலும் வெளங்காது. இந்தப் பட்டறை மண்ணாப் போகும்” என்று சொல்லி வீசினாள். தர்மலிங்கத்தின் தலையில், சட்டையில், பிரித்துப் போட்டிருந்த இன்ஜின் மேல் எல்லாம் மண். அவன் கையில் ஸ்பானருடன் அப்படியே நின்றான். துடைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவரும் அவனுக்காகப் பேசவில்லை.

அரசியைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கடைக்கு அரைமணி தாமதம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

பின்சக்கரம் டவுனில் நிமிர்த்தி வந்துவிட்டது. இன்று முழுக்க எலக்ட்ரிக் வேலை.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக. டெர்மினல் இரண்டிலும் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். காற்று படக்கூடாது. டேங்குக்கு அடியில் எர்த் வயர் சேஸியில் சேருகிற போல்ட் துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி வெள்ளி போல ஆக்கி முடுக்கினேன். வயரும் வயரும் சேருகிற எல்லாக் கப்ளரையும் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பச்சைக் களிம்பு. வெளியே பார்த்தால் எல்லாம் புதிது போலத்தான் இருக்கும். உப்புக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

புது சாவி வயரை முறுக்கவில்லை. ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சுட்டு இறுக்கினேன். கழுத்துப் பக்கம் நாலு விரல் தளர்வு விட்டேன். ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் வயர் இழுபடக் கூடாது.

நாலு மணிக்கு தர்மலிங்கம் வந்தான். படியேறவில்லை. வேலியோரம் நின்றான்.

“சுந்தரண்ணே, நான் ஆயிலு மாத்துனேன், செயின் டைட் வச்சேன், பின் பிரேக்கு பாத்தேன். வயர்ல கையே வைக்கலண்ணே. அதப் பத்தி உங்க தம்பி ஒண்ணும் சொல்லவும் இல்ல. ஓடுற வண்டி பொட்டுனு அணைஞ்சா சாவி வயரு, பேட்டரி, ஃபியூசு, இதுல ஒண்ணுதான். கழுத்துக்கிட்ட ஒரே ஒரு தரம் பாத்துக்கறேன்.”

“எல்லாத்தையும் மாத்திட்டேன் தர்மா.”

“பழைய வயரு?”

“குப்பையில போட்டாச்சு.”

“எந்தக் குப்பைண்ணே? நான் போய்த் தேடிக்கறேன்.”

குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றேன். வேலிக்கு மேலாக வண்டியின் கழுத்தைப் பார்த்தான். பிறகு, “தம்பிக்குப் புண்ணு ஆறிடுச்சாண்ணே?” என்று கேட்டான். ஆறிக்கொண்டு வருகிறது என்றேன். போய்விட்டான்.

ஃபியூஸ் பெட்டியைத் துடைத்தேன். அளவு பார்த்துப் புது ஃபியூஸ் போட்டேன். முதல் உதையிலேயே வண்டி எடுத்தது.

பிப்ரவரி 20, திங்கள்

வேலைக்குப் போய் வந்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

தம்பிக்கு முதுகு துடைத்துவிடும்போது அவனாகவே பேசினான். ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, அன்றைக்கு நடந்ததை அவன் இதுவரை சொன்னதில்லை.

“உப்பளத்துல லோடு ஏத்திவிட்டுட்டு வர்றேன்ணே. இருட்டுக் கட்டுற நேரம். பாலத்துக்கிட்ட வளைவுல ஹேண்டில ஒடிச்சேன், வண்டி அப்படியே செத்துப்போச்சு. லைட்டு இல்ல, இன்டிகேட்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓரமா எறங்கலாம்னா அந்தப் பக்கம் சேறு. ஹேண்டில இப்படி அப்படி ஆட்டிப் பாத்தேன். ஒரு தரம் லைட்டு வந்துச்சு. சரி, வந்துடுச்சுன்னு கிக்கர மிதிக்கப் போனேன். திரும்பவும் போயிடுச்சு. பின்னால உப்பு லாரி வர்ற சத்தம் கேட்டுச்சுண்ணே. நமக்கு லைட்டு இல்லையே, அவன் பாப்பானான்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு இருக்கும்போதே...”

துண்டைப் பிழிந்து வந்து மறுபடி துடைத்தேன்.

“வண்டிய விட்டுட்டு ஓடியிருக்கணும்ணே. திரும்பவும் லைட்டு வந்துடும்னு பாத்தேன்.”

ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும்.

மார்ச் 5, ஞாயிறு

காலையில் உப்பளத்து ஆட்கள் நாலு பேர் வண்டியோடு வந்துவிட்டார்கள். நான் வயர் வேலை பார்க்கிறேன் என்று அரசிதான் சொல்லியிருக்கிறாள். நாலு வண்டியிலும் எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. ஒன்றில் எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எடுத்துக் காட்டி, இது இருந்தால் ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும் என்றேன். வண்டிக்காரர் சிரித்தார்.

“அந்தத் தர்மலிங்கத்துக்கிட்ட விடுறதுக்கு நீங்க எவ்வளவோ தேவல” என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஒரே ஸ்க்ரூவை இரண்டு தரம் கீழே போட்டேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

மாலையில் கடைத்தெருவுக்குப் போனேன். பட்டறையில் ஒரு வண்டிகூட இல்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

மார்ச் 9, வியாழன்

தர்மலிங்கத்தின் மனைவி கஸ்தூரி கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்து, பிறகு வந்துவிட்டார்.

“தூக்கத்துக்கு ஒரு மாத்திர வேணும். அவருக்கு.”

டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். வேறு ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன்.

“படுக்குறாரு, எந்திரிக்கிறாரு. உக்காந்து கையில ஏதோ முடுக்குற மாதிரியே பண்ணிக்கிட்டு இருக்காரு. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லங்குறாரு.” கடைக் கவுண்டர் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “பொண்ணுக்குப் பரீட்ச முடியட்டும்னு இருக்கோம். முடிஞ்சதும் திருப்பூருக்குப் போயிடுறோம். எங்க அண்ணன் பனியன் கம்பெனியில சொல்லி வச்சிருக்காரு.”

“பட்டற?”

“யாரு வர்றா அங்க?”

மாத்திரை இல்லாமல் போனார். முதலாளி, “யாரு அது?” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

இன்று வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு கோடியக்காடு வரை போனேன். திரும்பும்போது ஒரு வளைவில் வண்டி அணைந்தது. ஹேண்டிலை நேராக வைத்தால் லைட் வந்தது, திருப்பினால் போனது. ஓரம் கட்டி, கழுத்துப் பக்கம் சுற்றியிருந்த உறையைக் கத்தியால் கீறினேன். சாவிக்குப் போகிற வயர் உரசி உரசி இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுத்து, சீவி, முறுக்கிவிட்டேன். இன்சுலேஷன் டேப் இல்லை. பையில் கடையிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்திரி இருந்தது. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அதைச் சுற்றினேன். நாளைக்குத் தர்மலிங்கத்திடம் காட்டி ஈயம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன், வண்டியை நிறுத்தினேன், மறந்துவிட்டேன். தம்பியிடமும் சொல்லவில்லை. விபத்து வரை பதினெட்டு நாள் அப்படியே ஓடியது.

ஆஸ்பத்திரியில், வண்டி தானாக அணைந்துவிட்டதாக ரோட்டில் தூக்கியவர்களிடம் தம்பி சொன்னானாம் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அரசி நின்றாள். “நாலு நாளைக்கு முன்னாலதானே சர்வீஸ் விட்டாங்க” என்றாள். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாம்தான்.

ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தபோது பிளாஸ்திரி அப்படியே இருந்தது. உள்ளே முறுக்கின இடம் பச்சையாகப் பொடிந்துபோயிருந்தது. இந்த ஊரில் வயருக்குப் பிளாஸ்திரி போடுகிற ஆள் யார் என்று யாரும் யோசிக்கவே வேண்டாம். அதைக் குப்பையில் போடவில்லை. வாய்க்காலில் போட்டேன். மிதந்தது. கல்லைக் கட்டி மறுபடி போட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

தம்பிக்குச் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஆள் வந்திருந்தார். அவன் முதல் முறையாகச் சிரித்தான். இன்று சொல்ல வேண்டாம்.

மார்ச் 17, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

காலை எட்டு மணி இருக்கும். தம்பி கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அரசி சட்னி வைக்கக் குனிந்திருந்தாள். இருவரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். கோடியக்காடு, வயர், பிளாஸ்திரி, வாய்க்கால், எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது தம்பி கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்றான்.

பத்து வயது இளையவன். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை நீங்க என்றுதான் பேசியிருக்கிறான்.

“ஆஸ்பத்திரியிலயே தெரியும்.”

“நான் ஆப்பரேசன் தியேட்டர்ல கெடந்தப்பவே தெரியும்.”

“ம்.”

“வயர முறுக்குனது பெரிய தப்பில்ல. எல்லாரும்தான் முறுக்குறான். எனக்கும் நேரம் சரியில்ல. அத விடு. இவ போய் அந்தாளு தலையில மண்ண வாரி வீசுனாளே, அப்ப நீ எங்க நின்ன?”

“பின்னாலதான் நின்னேன்.”

தட்டைத் தள்ளிவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு காலோடு திரும்புவது அவனுக்கு இன்னும் பழகவில்லை. போர்வை இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. எடுத்துப் போர்த்தப் போனேன். “வேண்டாம்” என்றான்.

அரசி அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

“வாங்க மாமா. எம் முன்னாடி அவர்கிட்டச் சொல்லுங்க.”

நடந்தே போனோம். தர்மலிங்கம் பட்டறைக்குள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். அரசியைப் பார்த்ததும் பின்வாங்கினான். அது என் நெஞ்சிலேயே நிற்கிறது, ஓர் ஆண்பிள்ளை அப்படிப் பின்வாங்கியது. அவள் வாசலிலேயே அவன் காலில் விழப்போனாள். “ஐயோ, எந்திரிம்மா, எந்திரி” என்று பதறினான். நான் சொன்னேன்.

முழுக்கக் கேட்டான். கோபப்படவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

“நானே என்னச் சந்தேகப்பட்டுட்டேன்ணே” என்றான். “கண்ண மூடுனா அந்த வண்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறேன். எந்த நட்ட விட்டேன், எதுல கைபட்டு வயரு இழுத்துச்சுன்னு. போன வாரம் எம் பொண்டாட்டிகிட்ட, நான்தான்டி பண்ணிருப்பேன்னு சொல்லிட்டேன். செய்யாத வேலைய நான் ஒத்துக்கிட்டேண்ணே.”

மன்னித்துவிடு என்றேன். அந்த வார்த்தை வாயில் கட்டையாக இருந்தது.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஊருக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டீக்கடையில ஆளு இருக்கும். அங்க சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். பட்டறையை வைத்துக்கொள், போகாதே என்றும் சொன்னேன்.

“கடைய விட்டாச்சு. செல்போன் கடைக்காரரு அட்வான்ஸ் கொடுத்துட்டாரு” என்றான்.

மார்ச் 20, திங்கள்

ஏழு மணிக்குச் சொன்னேன். பதினேழு பேர் இருந்தார்கள். தர்மலிங்கம் எதிர்ப்பக்கம் பட்டறை வாசலில் நின்றான். நான் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவன். கடைசியில் இருந்த இருவர் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒரு பெரியவர், “சரி விடு, ஆனது ஆச்சு” என்றார். அன்றைக்கு அரசி மண் வீசியதை முன்வரிசையில் நின்று பார்த்தவர் அவர். பேச்சு உப்பு விலைக்குப் போய்விட்டது. எனக்கு வைத்த டீயைக் குடிக்காமல் வந்தேன்.

தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 22, புதன்

தம்பியும் அரசியும் திருத்துறைப்பூண்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். காரில் ஏறும்போது தம்பியின் ஊன்றுகோலைப் பிடிக்க நீட்டிய என் கையைத் தாண்டி, டிரைவரின் தோளைப் பிடித்து ஏறினான். அரசி மட்டும், “அரிசி டின்னுல இருக்கு. பால்காரர்கிட்ட அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன் மாமா” என்றாள்.

மார்ச் 26, ஞாயிறு

ஒரு வண்டியும் வரவில்லை. அரசியின் அண்ணன் ராஜாங்கம் வந்து தம்பியின் வண்டியை எடுத்துப் போனார், விற்பதற்கு. கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறவர் வாங்கினால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கப்ளரைப் பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள், எர்த் போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரி முனையில் ஜெல்லி காயாமல் இருக்கட்டும் என்றேன். அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

கடையில் பிளாஸ்திரி கேட்டு ஒரு அம்மா வந்தார். எடுத்துக் கொடுக்க நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 23, ஞாயிறு

தர்மலிங்கத்தின் வீட்டுச் சாமான்களை இன்று லாரியில் ஏற்றினார்கள். போனேன். வா என்றோ போ என்றோ அவன் சொல்லவில்லை. கட்டிலைத் தூக்க ஒரு ஆள் குறைந்தபோது கஸ்தூரி என்னைப் பார்த்து, “அந்த முனையப் பிடிங்க” என்றார். பிடித்தேன். பீரோவையும் பிடித்தேன்.

நாலு பேர் அவனைத் தேடி வந்து கைகொடுத்தார்கள். ஒருவர், “டீக்கடையில அவரு சொன்னதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு வெளங்குச்சு தம்பி. நீ இருந்திருக்கலாம்” என்றார். தர்மலிங்கம் தலையசைத்தான். அவன் மகள் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பட்டறை இருந்த பக்கம் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது எழுதியிருக்கிறாள்.

கிளம்பும்போது அவன் என்னிடம் வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நின்றேன். “கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே, லாரி பின்னால வருது” என்றான்.

தள்ளிக்கொண்டேன்.

மே 2, செவ்வாய்

மதியம் கடை போன் அடித்தது. முதலாளி எடுத்தார். வெகு நேரம், “அப்படியாம்மா, நல்லதும்மா” என்று பேசிவிட்டு வைத்தார். என் செல்போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

“உன் தம்பி பொண்டாட்டிதான். தம்பி நேத்து புதுக் கால மாட்டிக்கிட்டு நடந்துட்டானாம். கட்டிலேர்ந்து வாசப்படி வரைக்கும். உங்கிட்டச் சொல்லிடச் சொல்லுச்சு” என்றார்.

எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான் என்று கேட்டேன்.

“அதெல்லாம் சொல்லலப்பா” என்றார்.